"தொழிலாளர் உரிமை" என்று தேடினால் ஏன் உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை?

டிசம்பர், ஜனவரி வந்தால் போதும், தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். "அக்கா, தொழிலாளர் உரிமை பற்றி புராஜெக்ட் கொடுத்திருக்காங்க, மெட்டீரியல் ஏதாவது இருக்கா?" மெட்டீரியல் லாரி லாரியாக இருக்கிறது. இல்லாதது கேள்விதான். "தொழிலாளர் உரிமைகள் – ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்துக்கொண்டு தேடலில் இறங்கினால் பொதுஅறிவுக் குறிப்புகளும், யாரோ எழுதியதை யாரோ வெட்டி ஒட்டிய பக்கங்களும்தான் வந்து விழும். நாமும் அதையே வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவோம். மார்க் வரும், ஆனால் ஒன்றும் தெரிந்திருக்காது.

அதனால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கெல்லாம் கூட்டிப் போகிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்ப்போம். எந்த ஆதாரம் எதற்குப் பயன்படும் என்பது வழியிலேயே புரிந்துவிடும்.

தி. நகரிலோ உங்கள் ஊர் பஜாரிலோ பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருப்பீர்கள். சேலை எடுக்க வந்த நமக்கு ஸ்டூல் போடுவார்கள். எடுத்துக் காட்டுகிற பெண் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். கேள்வி இதுதான்: கடையில் வேலை செய்பவருக்கு உட்காரும் உரிமை உண்டா? உண்டென்றால் எந்தச் சட்டத்தில், யார் கண்காணிப்பில், நடைமுறையில் எவ்வளவு?

முதலில் சட்டம். இங்கேயே பாதிப் பேர் வழி தவறிவிடுகிறார்கள், ஏனென்றால் இந்தியாவில் தொழிலாளர் விஷயம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். கடைகளுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் வைத்திருக்கிறது. நம்முடையது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதில் 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம்தான் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா நிறுவனங்களிலும் பணியாளர்களுக்குத் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், நாள் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம்.

இதை எங்கே படிப்பது? செய்தித்தாளில் அல்ல. 'இந்தியா கோட்' என்ற அரசுத் தளத்தில் மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் இருக்கின்றன, அங்கே போய்ச் சட்டத்தை அதன் சொற்களிலேயே படியுங்கள். நீங்கள் பார்க்கும் பிரதியில் கடைசித் திருத்தம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேரவில்லை என்றால் தமிழ்நாடு அரசிதழ்தான் கதி. இன்னொன்று, மசோதாவின் கடைசியில் 'நோக்க காரண விளக்கவுரை' என்று ஒரு பத்தி இருக்கும். பிள்ளைகள் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, எனக்கோ அதுதான் முதலில் படிக்க வேண்டிய இடம். அரசே தன் வாயால் "இந்தக் குறை இருக்கிறது, அதனால்தான் இதைக் கொண்டுவருகிறோம்" என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது. இந்தத் திருத்தத்தில் ஊழியர்கள் நாள் முழுக்க நிற்பதால் வரும் உடல்நலக் கேடுகளையும், 2019இல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இருக்கை யோசனையை ஏற்றுக்கொண்டதையும் அங்கே சொல்லியிருப்பார்கள்.

இப்போது பிரிவைத் திரும்பப் படியுங்கள். 'தகுந்த இருக்கை' என்றால் எத்தனை? நூறு பேர் வேலை செய்யும் மாடியில் பத்து ஸ்டூல் போதுமா? 'வாய்ப்புக் கிடைக்கும்போது' என்றால் அந்த வாய்ப்பு வந்ததா இல்லையா என்று தீர்மானிப்பது யார், ஊழியரா சூப்பர்வைசரா? பிரிவில் எண்ணிக்கை இல்லை. பிரிட்டனில் 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்களின் இருக்கைக்கென்று தனிச்சட்டம் போட்டு, மூன்று பெண்களுக்குக் குறைந்தது ஓர் இருக்கை என்று கணக்கே எழுதிவைத்தார்கள். இப்படி ஒன்றை இன்னொன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடனே உங்கள் ஆய்வு தொடங்கிவிட்டது. அதுவரை செய்தது குறிப்பெடுப்பு.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம் கிடைக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவு, நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்காரும் வசதி செய்துதரச் சொன்னது. அதாவது ஆலைத் தொழிலாளிக்கு 1948லேயே எழுதிக்கொடுத்த நாற்காலி, ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு எழுத்தில் வந்து சேர 2021 ஆகியிருக்கிறது. நடுவில் 73 வருடம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐஎல்ஓ, 1964இல் கொண்டுவந்த 120ஆம் உடன்படிக்கை கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமானது. அதன் 14ஆவது உறுப்பும் போதுமான இருக்கை வேண்டும், அதில் உட்கார நியாயமான வாய்ப்பும் வேண்டும் என்கிறது. ஐஎல்ஓவின் உடன்படிக்கைகள் எல்லாம் 'நார்ம்லெக்ஸ்' என்ற அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நாடு எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை என்பதும் அங்கேயே உண்டு. ஐஎல்ஓ 1919இல் தொடங்கியபோதே உறுப்பினராக இருந்த இந்தியா, சங்கம் சேரும் உரிமை பற்றிய 87ஆம் உடன்படிக்கையையும் கூட்டுப்பேர உரிமை பற்றிய 98ஆம் உடன்படிக்கையையும் ஏற்கவில்லை என்பதை அங்கே பார்க்கலாம். அதுவே தனி புராஜெக்ட் ஆகும்.

பக்கத்து மாநிலத்தையும் விடக்கூடாது. நமக்கு மூன்று வருடம் முன்னால், 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் அப்புறம் நாற்காலிக்காகவும் பல வருடம் போராடினார்கள், பி. விஜி அதில் முன்னால் நின்றவர். ஒரே உரிமை கேரளத்தில் தெருவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனது, தமிழ்நாட்டில் ஆலோசனை வாரியம் வழியாகப் போனது. இந்த வித்தியாசத்தால் நடைமுறையில் ஏதாவது மாறுகிறதா என்பது நல்ல கேள்வி. யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

சட்டம் படிக்கும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஊதியத்துக்கு ஒன்று (2019), தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மூன்றுக்கும் ஒவ்வொன்று (2020). பழைய 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் இவை உட்கார்ந்திருக்கின்றன, மேலே சொன்ன தொழிற்சாலைகள் சட்டமும் அந்த 29இல் ஒன்று. லைப்ரரியில் இருக்கும் புத்தகத்தில் "நான்கு தொகுப்புகள் இன்னும் அமலுக்கு வரவில்லை" என்று இருந்தால் அது அச்சான காலத்தில் சரி, இன்றைக்குத் தப்பு. பழைய சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை, புதியதில் 20 பேர். நிலையாணைகள், அதாவது நிர்வாகம் எழுதிவைக்க வேண்டிய வேலை விதிகளான ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ், முன்பு பொதுவாக 100 பேர் இருக்கும் இடத்துக்கு, இப்போது 300. இந்த எண்கள் சும்மா எண்கள் இல்லை, யாருக்கு உரிமை உண்டு, யார் வெளியே நிற்கிறார் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. அதே சமயம் 2022இல் நடந்த ஒரு சம்பவத்தை ஆராய்கிறீர்கள் என்றால் அன்றைக்கு இருந்த பழைய சட்டத்தைத்தான் படிக்க வேண்டும். கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அது அந்த 29இல் சேராது.

மசோதாவும் சட்டமும் ஒன்றல்ல என்பதும் இங்கேயே. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது, மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். ஆனால் தேடினால் முதலில் வருவது "மசோதா நிறைவேறியது" என்ற செய்திதான். அதோடு தேடலை நிறுத்திய ஒரு பையன் "தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலை சட்டமாக உள்ளது" என்று எழுதி என்னிடம் காட்டினான். செய்தியைப் படித்தால் அதற்கு அடுத்த வாரத்துச் செய்தியையும் படியுங்கள். ஏஐ-யிடம் கேட்டு எழுதுகிறவர்களுக்கும் இதேதான், அது சொல்லும் பிரிவு எண்ணைச் சட்டத்தில் தேடிப் பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள்.

சரி, எண்களுக்கு வருவோம்.

கடை ஊழியர்கள் எத்தனை பேர், என்ன சம்பளம், எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? இதற்கு முதல் இடம் பிஎல்எஃப்எஸ் எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017–18இலிருந்து நடக்கிறது, 2025இலிருந்து மாதா மாதமும் வெளியாகிறது. அதற்கு முன்னால் வேண்டுமென்றால் 1972–73இல் தொடங்கி சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடந்த தேசிய மாதிரி ஆய்வுச் சுற்றுகள் இருக்கின்றன. பிள்ளைகள் நேராக வேலையின்மை விகிதத்துக்கு ஓடிவிடுவார்கள். நான் ஓடச் சொல்வது வேறு அட்டவணைக்கு. விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளத்தில் இருப்பவர்களிலேயே எத்தனை சதவீதம் பேருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை, சமூகப் பாதுகாப்பு இல்லை என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பணியிட உரிமை பற்றி எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல அட்டவணை வேறு இல்லை என்றுகூடச் சொல்வேன். கணினி கைவந்தவர் என்றால் மூலத் தரவையே புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலிருந்து இறக்கலாம். அதில் தொழில் வகைக்குக் குறியீட்டு எண் உண்டு, சில்லறை வணிகம் 47. அதை வைத்துக் கடைகளில் வேலை செய்பவர்களை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

ஆனால் 'வேலையில் இருப்பவர்' என்றால் யார் என்று கணக்கெடுப்பு என்ன சொல்கிறது என்பதை முதலில் படியுங்கள். வாராந்தர நிலைக் கணக்கில், முந்தைய ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். அப்பா கடையில் சம்பளமில்லாமல் நிற்கும் மகளும் வேலையில் இருப்பவர்தான். இது மோசடி அல்ல, உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் இது தெரியாமல் "வேலையின்மை குறைந்துவிட்டது" என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆலைகள் என்றால் ஆண்டுத் தொழில் ஆய்வு, ஏஎஸ்ஐ. அதன்படி நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. நேரடித் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி என்று அதில் பிரித்தே தருகிறார்கள். பதிவில்லாத பட்டறையும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவரும் அதில் வரமாட்டார்கள். விலைவாசி, பஞ்சப்படி என்றால் தொழிலாளர் பணியகம், லேபர் பீரோ. தொழிற்சாலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை மாதந்தோறும் போடுவது அவர்கள்தான். குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படை ஊதியம் ஒரு பகுதி, அகவிலைப்படி ஒரு பகுதி. இரண்டாவது விலைவாசிக் குறியீட்டோடு நகரும், அதனால் "கடை ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம் இவ்வளவு" என்று வருடம் போடாமல் எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தீர்ப்புகளுக்கு 'இந்தியன் கானூன்' தளம் போதும், இலவசம். தேடுபெட்டியில் சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் போட்டுத் தேடுங்கள், "தொழிலாளர் உரிமை" என்றெல்லாம் போடாதீர்கள். முதன்முதலாகத் தீர்ப்புப் படிக்கிறவருக்கு நான் சொல்வது 1982ஆம் ஆண்டின் மக்கள் ஜனநாயக உரிமைக் கழக வழக்கு. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமானங்களில் வேலை செய்தவர்களின் வழக்கு அது. ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்றது. நீதிபதி பகவதி எழுதியது. பசி ஒருவரை எப்படிக் கட்டாயப்படுத்தும் என்று அதில் வரும் பகுதியைப் படித்துவிட்டு ஜவுளிக்கடைக்குத் திரும்ப வாருங்கள், பார்வை மாறியிருக்கும். படிக்கும்போது ஒரு கவனம்: தீர்ப்பின் முன்பகுதியில் வக்கீல்கள் வாதாடியதை நீதிபதி விரிவாக எழுதியிருப்பார். முதலாளி தரப்பு வக்கீல் சொன்னதை எடுத்து "நீதிமன்றம் கூறியது" என்று போட்டுவிட்ட புராஜெக்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், மேல்முறையீட்டில் அது கவிழ்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழிலேயே கிடைக்கும் பொக்கிஷம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் மானியக் கோரிக்கையின்போது தொழிலாளர் நலத் துறை சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. எந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை ஆய்வு, எத்தனை வழக்கு, நல வாரியங்களில் எத்தனை பேர் என்று அதில் இருக்கும். ஐந்து வருடக் குறிப்பை வரிசையாக இறக்கி ஒரே அட்டவணையில் போட்டுப் பாருங்கள், நீங்களே கண்டுபிடித்த ஏதாவது ஒன்று கண்ணில் படும். துறை தன்னைப் பற்றித் தானே எழுதுவது என்பதையும் மறக்காமல்.

பழைய காலம் வேண்டும் என்றால் சென்னையிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா தலைமையில் பெரம்பூர்ப் பக்கத்து பி அண்டு சி மில் தொழிலாளர்கள் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், திரு.வி.க. அதில் வேலை செய்தது, வாடியா மேல் மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அந்த வழக்கு கிளப்பிய பேச்சுதான் கடைசியில் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் நின்றது. எழும்பூர் ஆவணக் காப்பகம் அரசாங்கக் கோப்புகளுக்கு, தரமணி ரோஜா முத்தையா நூலகம் பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு. பிஎச்.டி. ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா'வில் இருக்கின்றன, அங்கே கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை மட்டும் உருவிக்கொண்டாலே ஒரு மாத வேலை மிச்சம்.

இதெல்லாம் மேஜையில் உட்கார்ந்து செய்வது. கடையில் நிற்கிறவரிடம் பேசாமல் இந்தப் புராஜெக்ட் முடியாது, அதில்தான் அதிகத் தப்பும் நடக்கிறது. நான் படித்த காலத்தில் ஒரு துணிக்கடைக்குள் கேள்வித்தாளோடு நேராகப் போய் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அவர் பக்கத்தில் நிற்க, பத்துப் பெண்களிடம் "உட்கார விடுகிறார்களா?" என்று கேட்டேன். பத்துப் பேரும் "விடுறாங்க" என்றார்கள். பத்துக்குப் பத்து. அதை நம்பி வரைபடம்கூடப் போட்டேன். பிறகு அதே பெண்களில் ஒருவரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, "ஏம்மா, அவரை வச்சுக்கிட்டா கேட்பே?" என்றார். கடைக்கு வெளியே, வேலை முடிந்த பிறகு, அவர்கள் சொல்லும் இடத்தில் பேசுங்கள். பெயரும் கடையும் ஊரும் எழுதாதீர்கள், "மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு" என்று எழுதினால்கூட ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு வேலை, உங்களுக்கு மார்க்.

கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். "உங்களுக்கு உரிமை இருப்பது தெரியுமா?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி இருக்கும். "நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் முழு நாளும் வெளியே வரும். சங்கத்துக்காரர்களையும் பாருங்கள், துண்டறிக்கை, பழைய ஒப்பந்த நகல் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கும். அவர்கள் பேச்சில் "12(3) போட்டோம்", "18(1)தான் ஆச்சு" என்று வரும், முழிக்காதீர்கள். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்கள் அவை. சமரச அதிகாரி முன்னால் போட்டது 12(3), அது அங்கே வேலை செய்யும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் நேரடியாகப் போட்டுக்கொண்டது 18(1), கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும். சட்டம் மாறிய பிறகும் பேச்சில் அந்த எண் போகாது.

கடைசியாக ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 22-ஏ பிரிவின் கீழ் உங்கள் மாவட்டத்தில் எத்தனை கடைகளில் ஆய்வு நடந்தது, எத்தனை இடத்தில் மீறல் கண்டார்கள், என்ன நடவடிக்கை என்று வருடவாரியாகக் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு. "ஏன் ஆய்வு செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். எண்ணிக்கை கேளுங்கள், ஆவண நகல் கேளுங்கள். கடைகளுக்குத் தொழிலாளர் துறை, தொழிற்சாலைகளுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தவறான இடத்துக்குப் போட்டாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நடப்பது வேறு. புராஜெக்ட் மார்ச்சில் கொடுக்க வேண்டும் என்றால் மனுவை டிசம்பரிலேயே போட்டுவிடுங்கள், ஸ்பீட் போஸ்டில்.